சிறு வீடும் சிவந்த சுவரும்

(மாணவி, மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

வீடு சிறியதானால் அதன் சுவர் வெளுத்திருக்க வேண்டும் என்பது நம்மிடையே எழுதப்படாத சட்டமாகிவிட்டது. "சின்ன வீடு, அடர்ந்த கலர் அடித்தால் அடைத்தாற்போல் இருக்கும்" என்று வண்ணக் கடைக்காரர் சொல்வார், வீட்டுக்காரர் சொல்வார், அடுத்த வீட்டு அத்தையும் சொல்வார். இப்படி எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் செய்தியை நாம் ஆராய்ந்து பார்ப்பதில்லை. நானும் அதை நம்பியவள்தான். இன்று நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

என் தந்தையார் வண்ணம் பூசும் தொழிலாளி. இளமையில் மட்டை பிடித்துச் சுண்ணாம்பு அடித்தவர். இன்று பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ரோலர் உருட்டுகிறார். எங்கள் ஊரின் பெரிய வீடுகள் பலவற்றில் மயில்நீலமும் குங்குமச் சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் அவர் கையால் ஏறியிருக்கின்றன. நாங்கள் குடியிருப்பதோ, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்குமாடி ஒன்றில், ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வாடகை வீடு. நான் அறிந்த நாள் முதல் அதன் சுவர்கள் வெள்ளை. அதுவும் தூய வெள்ளையன்று. அடுப்புப் புகையும், சுவரில் தலை சாய்த்த எண்ணெய்க் கறையும் ஏறிய வெள்ளை.

இரண்டு பொங்கலுக்கு முன் அம்மா ஓர் ஆசையைச் சொன்னார். ஒரு சுவராவது செங்காவி நிறத்தில் இருக்க வேண்டும் என்றார். அப்பா போய் வீட்டுக்காரரிடம் கேட்டார். "என்ன மேஸ்திரி, நீங்களே இப்படிக் கேக்கலாமா? உள்ளதே கையகல வீடு. நாளைக்கு வேற ஆள் வந்தா நான்தானே மறுபடி வெள்ளையடிக்கணும்?" என்றார் அவர். அப்பா மறுபேச்சுப் பேசாமல் திரும்பினார். அந்த ஆண்டும் வெள்ளைதான்.

ஊராருக்கெல்லாம் வண்ணம் பூசுகிறவர் தம் வீட்டுக்கு ஒரு நிறத்தைத் தேர்ந்துகொள்ள முடியவில்லை. இந்த எண்ணம் என் நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. அதே ஆண்டில்தான் ஐரோப்பிய வரலாற்று வகுப்பில் முதல் உலகப் போருக்குப் பிந்திய ஜெர்மனியைப் படித்தோம். பாடத்தைத் தொடர்ந்து நூலகத்தில் தேடியபோது, புரூனோ டவுட் என்ற கட்டடக் கலைஞரை அறிந்தேன். சிறு வீட்டில் வாழும் உழைப்பாளிக்கே அழுத்தமான வண்ணம் முதலில் வேண்டும் என்று வாதாடி, அதைச் செய்தும் காட்டியவர் அவர்.

பெர்லின் நகரின் இருட்டறைகள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்லின் தொழில் நகரமாகப் பெருத்தது. வேலை தேடி வந்த மக்களை அடைக்க ஐந்தடுக்கு வாடகைக் கட்டடங்கள் எழுந்தன. தெருப்பக்கம் அழகிய முகப்பு. அதன் பின்னே ஒரு முற்றம், அதன் பின்னே ஒரு கட்டடம், மீண்டும் ஒரு முற்றம் என்று உள்ளே உள்ளே போகும். அந்த முற்றத்துக்கு அன்றைய கட்டட விதி கேட்ட அளவு என்ன தெரியுமா? ஏறத்தாழ 5.3 மீட்டர் நீளம், 5.3 மீட்டர் அகலம். தீயணைக்கும் வண்டி திரும்பினால் போதும் என்பது கணக்கு. மனிதனுக்கு வெயில் வேண்டுமே என்ற கணக்கு அதில் இல்லை. அத்தகைய கட்டடத்தை மக்கள் 'வாடகைப் பாசறை' என்றே அழைத்தனர். முகப்பில் மட்டும் சாந்தால் செய்த பூவேலைக்கும் சிலைகளுக்கும் குறைவில்லை.

போர் முடிந்து 1919இல் எழுதப்பட்ட வைமார் அரசியல் சட்டம், ஒவ்வொரு ஜெர்மானியருக்கும் நலமான உறைவிடம் கிடைக்கச் செய்வதை அரசின் குறிக்கோளாகக் கொண்டது. பெரும் பணவீக்கத்தால் பழைய வீட்டு உரிமையாளர்களின் அடமானக் கடன் காற்றில் கரைந்துபோக, 1924இல் அவர்கள்மீது ஒரு வரி விதிக்கப்பட்டது. அவ்வரியின் ஒரு பகுதி புதிய வீடுகள் கட்டப் பயன்பட்டது. தொழிற்சங்கங்களின் துணையோடு அதே 1924இல் வீட்டு நிறுவனம் ஒன்றும் பெர்லினில் தோன்றியது. அந்நிறுவனத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக அமர்ந்தவர்தான் புரூனோ டவுட்.

வண்ணப் பெட்டியைத் திறந்தவர்

டவுட் 1880இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். போருக்கு முன்பே, 1913இல் தொடங்கி, பெர்லினுக்கு அருகே பால்கன்பெர்க் என்னுமிடத்தில் சிறு சிறு வரிசை வீடுகளைக் கட்டினார். ஒரு வீடு சிவப்பு, அடுத்தது நீலம், அதற்கடுத்தது மஞ்சள். மக்கள் அதற்கு 'வண்ணப் பெட்டிக் குடியிருப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

1919இல் அவர் முன்னின்று வண்ணக் கட்டடங்களுக்கான அறைகூவல் ஒன்றை வெளியிட்டார்; கலைஞர் பலர் அதில் ஒப்பமிட்டனர். அதன் சாரம் எளிது. சிற்ப வேலையும் பூவேலையும் பணம் தின்பவை. நாடு வறுமையில் இருக்கும்போது அவை நமக்கு ஆகா. வண்ணமோ மலிவானது, மலிவாக மகிழ்ச்சி தருவது. ஆகவே சாம்பல் நிறத்தை விட்டு வண்ணத்துக்கு வாருங்கள் என்பதே அழைப்பு. செல்வர்க்கு மட்டும் உரிய ஆடம்பரமாக வண்ணத்தை நாம் நினைக்கிறோம். டவுட் அதைத் தலைகீழாகத் திருப்பினார். பளிங்கும் தேக்கும் வாங்க இயலாதவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே செல்வம் வண்ணமே என்றார்.

1921 முதல் 1924 வரை மாக்டபுர்க் நகரின் கட்டடத் துறைத் தலைவராக இருந்தபோது அங்கும் தெருக்களுக்கு வண்ணம் தீட்ட வைத்தார், நகைப்புக்கும் ஆளானார். அவர் தளரவில்லை. பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் 1925 முதல் 1933 வரை எழுந்த 'குதிரைலாடக் குடியிருப்பு' அவர் புகழை நிலைநாட்டியது. மார்ட்டின் வாக்னர் என்ற மற்றொரு கலைஞரோடு சேர்ந்து அவர் அமைத்தது அது. ஒரு குளத்தைச் சுற்றி ஏறத்தாழ 350 மீட்டர் நீளத்துக்கு லாடம்போல் வளைந்த கட்டடம் நடுவில் நிற்க, அதைச் சுற்றி வரிசை வீடுகளும் மாடி வீடுகளுமாக இரண்டாயிரத்துக்கு நெருக்கமான குடும்பங்களுக்கு இடம் அமைந்தது. பெரும்பாலானவை சிறிய வீடுகளே. ஆயினும் வீட்டுக்குள்ளேயே குளியலறை, வெளியே தோட்டம், எங்கும் வெயில். கதவுகளிலும் சன்னல் சட்டங்களிலும்கூடப் பலநிற விளையாட்டு. ஒரு தெருவின் ஓரமாகக் காளை இரத்த நிறத்தில் நீண்ட முகப்பொன்று நின்றது. எதிர்ப்புறத்தில் பழைய பாணியில் கூரை சரிந்த வீடுகளை வேறொரு நிறுவனம் கட்டிக்கொண்டிருந்தது. ஆகவே அம்முகப்புக்குச் 'சிவப்பு அணி' என்றே பெயராயிற்று.

இன்னொரு குடியிருப்பு ட்செலன்டார்ப் பகுதியில், பைன் மரங்களுக்கு நடுவே எழுந்தது. அதை 'கிளிக் குடியிருப்பு' என்று கேலி செய்தனர். கேலிப் பெயரே பின்னாளில் செல்லப் பெயராகிவிட்டது.

நான்கு சுவருக்குள்ளே

வெளிச்சுவரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறாயே, வீட்டுக்குள் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

டவுட் 1924இல் புதிய வீட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பெண்ணே அதன் படைப்பாளி என்பது அந்நூலின் துணைத் தலைப்பு. சிறு வீட்டை நெருக்குவது எது என்று அதில் ஆராய்ந்தார். அவர் கண்ட குற்றவாளி நிறமன்று, பொருள்கள். தூசு படியும் பொம்மைகள், சட்டமிட்ட படங்கள், திரைமேல் திரை, மூலைக்கு மூலை முக்காலி. இவற்றைத் துடைத்துத் துடைத்தே பெண்ணின் வாழ்நாள் கழிகிறது என்றார். இவற்றை அகற்றுங்கள், வெறுஞ்சுவர் தோன்றட்டும், அந்தச் சுவருக்கு நல்ல நிறம் ஒன்றைக் கொடுங்கள், அதுவே போதும் அலங்காரம் என்பது அவர் கட்சி. ஆகவே அழுத்தமான வண்ணமும் குறைவான பொருளும் ஒரே கொள்கையின் இரு பக்கங்கள். பொருளைக் குறைக்காமல் வண்ணத்தை மட்டும் ஏற்றினால் வீடு அடைத்தாற்போலத்தான் இருக்கும். அப்போது பழியைச் சிவப்பின்மேல் போடுவது நியாயமன்று.

குதிரைலாடக் குடியிருப்பின் சிறிய வரிசை வீடு ஒன்றை, அதன் இன்றைய உரிமையாளர்கள் பழைய வண்ண அடுக்குகளைச் சுரண்டி ஆராய்ந்து, முதன்முதல் இருந்தபடியே மீட்டிருக்கிறார்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 65 சதுர மீட்டர். நம் கணக்கில் 700 சதுர அடி. அறைக்கு அறை நிறம் மாறுகிறது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை எல்லாம் அங்கே உண்டு, எதுவும் வெளிறியதன்று. அந்த மீட்புப் பணிக்கு 2013இல் ஐரோப்பியப் பண்பாட்டு மரபு விருது கிடைத்தது. விரும்புவோர் வாடகை கொடுத்துச் சில நாள் தங்கியும் பார்க்கலாம்.

படங்களைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. எல்லா அறையும் வெள்ளையாக உள்ள சிறு வீட்டில் நுழைந்ததும் வீடு முழுவதையும் பார்த்து முடித்துவிடுகிறோம். நீல அறையிலிருந்து சிவப்பு அறைக்குச் செல்பவரோ ஓர் இடத்தை விட்டு வேறோர் இடத்துக்குச் செல்கிறார். நான்கு அடி நடந்திருப்பார். ஆனால் பயணம் செய்த உணர்வு அவருக்குக் கிடைக்கிறது. நீலம் பின்வாங்குவதுபோலவும் சிவப்பு முன்வருவதுபோலவும் கண்ணுக்குத் தோன்றும் என்பது ஓவியம் பயின்றோர் அறிந்ததே. சுவரைத் தள்ளி வைக்க இடமில்லாத வீட்டில் அந்த வேலையை நிறம் செய்கிறது.

வெள்ளை எங்கிருந்து வந்தது?

'நவீன வீடு என்றால் வெள்ளை வீடுதானே' என்று சிலர் வினவலாம். அது கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் வளர்த்த மயக்கம். 1927இல் ஸ்டுட்கார்ட் நகரின் வைசன்ஹோப் குன்றில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பலர் மாதிரி வீடுகள் கட்டினர். படத்தில் அவை வெள்ளையாகத் தெரியும். ஆனால் டவுட் கட்டிய வீடு பளிச்சென்ற பல நிறங்கள் கொண்டது. நம் சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியேகூட வெள்ளைக்கு மட்டும் அடிமையானவர் அல்லர். பிரான்சின் பெசாக் என்ற ஊரில் அவர் 1926இல் முடித்த தொழிலாளர் வீடுகளும், சண்டிகர் உயர்நீதிமன்றத்தின் பச்சை, மஞ்சள், சிவப்புத் தூண்களும் அதற்குச் சான்று.

நம் முன்னோரும் வண்ணத்துக்கு அஞ்சியவர் அல்லர். கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் மாறி மாறி வருவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். சிறிய மண்வீட்டின் திண்ணையிலும் காவிப்பட்டை உண்டு. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்கள் எவை என்பதை நம் தொழிலாளர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். காவியும் மஞ்சள் மண்ணும் தாங்கும்; துணிக்குப் போடும் நீலமும் தாங்கும்; வேறு சில நீலங்கள் சுண்ணாம்பில் பட்டதும் பழுத்துப் போகும். இவற்றை அப்பா எனக்குச் சொன்னார். டவுட் என்ற பெயரை அவர் கேட்டதில்லை.

மறுப்புகளுக்கு மறுமொழி

ஒரு பக்கத்தை மட்டும் பேசி மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. அடர்ந்த வண்ணத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் உண்மையும் உண்டு.

முதலாவது வெளிச்சம். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும் பங்கைத் திருப்பித் தரும். அடர்ந்த நீலமோ சிறு பங்கையே தரும். ஒற்றைச் சன்னல் உள்ள அறையில் நான்கு சுவரையும் கருநீலமாக்கினால் பகலிலும் விளக்கெரிக்க வேண்டும். ஆகவே இடம் அறிந்து பூச வேண்டும். மேற்கூரையும் சன்னலுக்கு எதிர்ச்சுவரும் வெளுப்பாக இருந்தால், மற்றொரு சுவர் எவ்வளவு சிவந்தாலும் அறை இருளாது.

இரண்டாவது வெப்பம். பெர்லினுக்கு அருகே டாலவிட்ஸில் டவுட் தமக்கென 1927இல் முடித்த வீட்டின் ஒரு பக்கம் முழுக் கறுப்பு. குளிர்நாட்டில் அது பொருந்தும்; நம் வெயிலில் வெளிச்சுவருக்கும் மொட்டை மாடிக்கும் கறுப்படித்தால் உள்ளே அடுப்புத்தான். நம் நாட்டில் வெளிப்புறத்துக்கு வெளிர் நிறமே அறிவுடைமை. நான் வாதாடுவது உட்சுவருக்கு.

மூன்றாவது செலவு. சிவப்பும் மஞ்சளும் ஒரே பூச்சில் மூடா. மூன்று கை அடிக்க வேண்டும். அடர்நிற எமல்ஷனின் விலையும் கூடுதல். ஆனால் வீடு முழுவதற்கும் பூசச் சொல்லவில்லையே! ஒரு சுவருக்கு எவ்வளவு ஆகிவிடும்?

நான்காவது மறுப்பை நானே டவுட்டின்மேல் வைக்கிறேன். அந்தத் தெருக்களின் வண்ணத்தைத் தேர்ந்தவர் அவர், குடியிருந்தவர் அல்லர். இன்றும் மரபுச் சின்ன விதியால் உரிமையாளர்கள் வெளிநிறத்தைத் தம் விருப்பம்போல் மாற்ற இயலாது. தெரு எல்லோருக்கும் பொது என்பதால் அதை ஒப்புக்கொள்ளலாம். வீட்டின் உட்சுவர் அப்படியன்று. அங்கே விழித்து, அங்கே உண்டு, அங்கே நோயில் கிடப்பவர் எவரோ அவரே அதன் நிறத்தைச் சொல்ல உரியவர்.

சாம்பல் பூசிய காலம்

1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் டவுட் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. ஜப்பானில் சில ஆண்டுகள் இருந்து, 1936இல் துருக்கிக்குச் சென்றார். 1938 டிசம்பர் 24ஆம் நாள் இஸ்தான்புல்லில் மறைந்தார். தம் வண்ண வீடுகளை அவர் மீண்டும் காணவில்லை. பின் வந்த பத்தாண்டுகளில் போரும் பழுதும் அக்கறையின்மையும் அந்தச் சுவர்களில் பலவற்றை மங்கச் செய்தன. பிற்காலத்தில் அறிஞர்கள் சுவரைச் சுரண்டி அடியில் கிடந்த பழைய நிறங்களைக் கண்டறிந்தனர். குடியிருப்புகள் மெல்ல மெல்ல மீண்டும் வண்ணம் பெற்றன. 2008இல் யுனெஸ்கோ நிறுவனம் பெர்லினின் இத்தகைய ஆறு குடியிருப்புகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. பால்கன்பெர்க்கும் குதிரைலாடமும் அவற்றில் அடங்கும். அரண்மனைகளும் கோட்டைகளும் இடம்பெறும் பட்டியலில் உழைப்பாளியின் சிறு வீடும் ஏறியது. ஒரு காலத்தில் எள்ளி நகையாடப்பட்ட நிறங்களே இன்று உலகம் காக்கும் செல்வங்கள்!

எங்கள் சுவர்

இக்கதையை நான் அப்பாவிடம் சொன்னேன். நூலகத்திலிருந்து எடுத்து வந்த நூலின் படங்களையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "அந்த ஊர்லயும் கூலிக்காரங்க வீடுதானா இது?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

சென்ற பொங்கலுக்கு முன் அவர் மீண்டும் வீட்டுக்காரரிடம் போனார். "ஒரு சுவர் மட்டுங்க. காலி பண்ற அன்னிக்கு நானே வெள்ளையடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்றார். வீட்டுக்காரர் சற்று யோசித்து இசைந்தார். சன்னலுக்குப் பக்கச் சுவருக்கு அப்பா மூன்று கை செங்காவி அடித்தார். அதற்குமுன் அம்மா அந்தச் சுவரிலிருந்த ஆணிகளையும் பழைய காலண்டர்களையும் அகற்றினார். மாமா படம் மட்டும் சமையலறைக்குக் குடிபெயர்ந்தது.

எங்கள் வீடு பெரிதாகிவிடவில்லை. முன்னிருந்த அளவே இன்றும் இருக்கிறது, கோடையில் புழுங்குகிறது, தண்ணீர் முறைவைத்துத்தான் வருகிறது. வண்ணம் இவற்றையெல்லாம் தீர்க்கும் என்று சொன்னால் அது பொய். ஆனால் இப்போது அது யாரோ ஒருவருடைய வீட்டில் நாங்கள் இருக்கும் இடமாகத் தோன்றவில்லை. வேலை முடிந்து வரும் அப்பா அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடுகிறார். தம் கைவண்ணத்தை மறுநாளும் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இதுவரை கிடைத்ததில்லை அல்லவா?

மாணவ நண்பர்களே, நம் விடுதியிலும் அரசுக் குடியிருப்புகளிலும் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கிறார்கள். அவ்வேளையில் அறைக்கு ஒரு சுவரின் நிறத்தையேனும் அதில் வாழ்வோரே தேர்ந்துகொள்ள இடமளிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நான்கு பேர் கூடி ஒரு நிறத்தில் உடன்படுவதும் ஒரு கல்விதான். செலவு சிறிதே கூடும். காலி செய்யும்போது வெள்ளையடித்துத் தரும் பொறுப்பை நாமே ஏற்கலாம். பேராசிரியப் பெருமக்களும் கல்லூரி நிர்வாகமும் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

சிறு வீட்டைப் பெரிய வீடாகக் காட்ட வேண்டிய தேவை நமக்கில்லை. அது சிறியது என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது நம்முடையது என்று சொல்ல ஒரு சுவர் சிவந்திருந்தால் போதும்.